துணி காயத் தாமதமானால்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் பெரும்பாலானோர் வீட்டில் இருக்கிறது. சிலர் வீட்டில் பேஸ்மென்டில் இருக்கிறது. சிலர் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுக்குமாடியில் வாழ்வோர் வீட்டில் ஓர் அலமாரியின் அகலமே உள்ள சிற்றறைக்குள், துவைக்கும் இயந்திரத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. துணி உலர்த்தும் ட்ரையரைத்தான் சொல்கிறேன். அது எப்படித் தீப்பிடிக்கிறது, அந்தத் தீயை எப்படித் தடுப்பது என்பதே இன்றைய பேச்சு. இதில் நான் வற்புறுத்த வந்தது ஒன்றுதான். ட்ரையரில் மூளும் தீயில் பெரும் பங்கு, தான் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. வாரக்கணக்காகச் சொல்கிறது, சில வீடுகளில் மாதக்கணக்காகச் சொல்கிறது. நாம் அதைக் கேட்கிறோமா? கேட்டாலும் சரியான பதிலைச் சொல்கிறோமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான பதிவுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 ட்ரையர் தீ விபத்துகள் நடந்தன. ஆண்டுக்கு 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயமடைந்தார்கள், மூன்றரைக் கோடி டாலர் சொத்து அழிந்தது. இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "முப்பது கோடிப் பேர் வாழும் நாட்டில் ஐந்து உயிர் என்பது பெரிய கணக்கா? அடுப்புத் தீயால் சாகிறவர்கள் எத்தனை பேர், சிகரெட் தீயால் சாகிறவர்கள் எத்தனை பேர், அதையெல்லாம் விட்டுவிட்டு ட்ரையரைப் பற்றி ஒரு சொற்பொழிவா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு எண்ணைப் பாருங்கள். ட்ரையர் தீக்குக் காரணமாக இருந்தவற்றில் முதலிடம் பிடித்தது சுத்தம் செய்யாமை, நூற்றுக்கு 34. மூன்று ட்ரையர் தீ மூண்டால் அதில் ஒன்று, பஞ்சுத்தூளை எடுத்துப் போடாத காரணத்தால் மூண்டிருக்கிறது. முதலில் பற்றிக்கொண்ட பொருள் எது என்று பார்த்தாலும் தூசும் இழையும் பஞ்சுத்தூளுமே முன்னால் நிற்கின்றன, அவற்றை அடுத்து உள்ளே கிடந்த துணி. ஓர் ஆபத்தின் அளவை மட்டும் வைத்து அதைப் பற்றிப் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. எவ்வளவு எளிதாக அதைத் தடுக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலையால் காக்கக்கூடிய ஓர் உயிரை இழப்பது சிறிய இழப்பு என்று யார் சொல்ல முடியும்?

சரி, தீ எப்படி மூளுகிறது? இங்கே கனடாவில் நம் வீடுகளில் உள்ள மின்சார ட்ரையர் 240 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பில் ஓடுவது. அதற்குள் உள்ள சூட்டுக் கம்பிச்சுருள் ஐயாயிரம் வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். காஸ் ட்ரையர் என்றால் அந்த இடத்தில் ஒரு தீச்சுடரே எரிகிறது. இவ்வளவு சூட்டை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தும் பெட்டி எரியாமல் இருப்பது எதனால்? காற்றினால். விசிறி ஒன்று ஓயாமல் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு துணிக்குள் புகுந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு, பஞ்சைப் பிடிக்கும் வலைத்தட்டைக் கடந்து, நாலு அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே காற்று ஓடும்வரை ட்ரையர் பாதுகாப்பான பொருள். காற்று தடைப்பட்டால் சூடு போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. துணியிலிருந்து உதிர்கிற பஞ்சுத்தூளோ மிக நுண்ணிய இழை, அந்த இழைகளுக்கு இடையில் காற்று நிறைந்திருக்கும், ஒரு பொறி பட்டால் போதும். வலையில் சிக்காமல் தப்பிய தூள் பெட்டியின் அடியிலும் கம்பிச்சுருளைச் சுற்றியும் குழாயின் வளைவுகளிலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. அதில் ஒரு துணுக்கு சிவந்த கம்பியில் பட்டுக் கனன்றால், அதே விசிறி அந்தத் தணலைக் குழாய்க்குள் இழுத்துச் சென்று, ஊதுகுழலால் அடுப்பை ஊதுவதுபோல ஊதிவிடுகிறது.

இப்போது, தீ முன்கூட்டியே சொல்கிறது என்றேனே, அந்த அறிகுறிக்கு வருவோம். காற்று தடைப்படத் தொடங்கியதும் முதலில் நடப்பது தீ இல்லை. துணி காயத் தாமதமாகிறது, அவ்வளவுதான். முன்பு நாற்பத்தைந்து நிமிடத்தில் காய்ந்த துணி ஒரு மணி நேரம் கேட்கிறது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் துவாயின் ஓரமும் ஈரமாகவே இருக்கின்றன. பெட்டியின் மேற்பலகை தொட முடியாதபடி சுடுகிறது. அறைக்குள் புழுக்கம் ஏறுகிறது, சன்னல் கண்ணாடியில் நீர் கோக்கிறது. இலேசான கருகல் வாசனையும் வரலாம். வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் போய் நின்றால், காற்றால் திறக்க வேண்டிய மடல் முழுதும் திறக்காமல் சோர்ந்து தொங்குகிறது. இவை எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: காற்றின் வழி அடைபடுகிறது. இதற்கு நாம் சொல்லும் பதில் என்ன? பொத்தானை இன்னொரு முறை அழுத்துகிறோம். அடைபட்ட இயந்திரத்தை இன்னும் ஒரு மணி நேரம் சூடாக்குகிறோம். "மெசின் பழசாகிவிட்டது" என்று முடிவு செய்துகொள்கிறோம். அறிகுறியைக் கேட்டோம், ஆனால் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தோம்!

இன்னொருவர் கேட்பார்: "ட்ரையருக்குள் தெர்மோஸ்டாட் இருக்கிறதே, சூடு மீறினால் அறுந்துபோகும் பியூஸ் இருக்கிறதே, அவை காப்பாற்றாவா?" இருக்கின்றன. அவை பல வீடுகளைக் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் வெப்ப பியூஸ் அறுந்தது என்றால் அதன் பொருள் என்ன? பெட்டிக்குள் இருக்கக்கூடாத சூடு இருந்தது என்பதே. பெரும்பாலும் காற்றோட்டத் தடைதான் அதன் பின்னால் இருக்கும். ஆகவே பியூஸ் போவது இரண்டாவது அறிகுறி. அதற்கு நாம் செய்வது, சில டாலருக்கு ஒரு புதிய பியூஸை வாங்கிப் போட்டுவிட்டுக் குழாயை அப்படியே விட்டுவிடுவது. இன்னும் துணிந்தவர்கள் பியூஸைச் சுற்றி ஒரு கம்பியைப் போட்டு இணைத்துவிடுகிறார்கள். இதை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள், தெரிந்தவர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று வந்தாலும் விடாதீர்கள். அந்தச் சின்னஞ்சிறு துண்டுதான் உங்களுக்கும் தீக்கும் நடுவில் நின்ற கடைசிக் காவல்.

"நான் ஒவ்வொரு முறையும் வலைத்தட்டைச் சுத்தம் செய்கிறேனே" என்று சொல்லும் தாய்மார் பலர் இங்கே இருப்பீர்கள். நல்ல பழக்கம், கைவிட வேண்டாம். ஆனால் வலைத்தட்டு கண்ணுக்குத் தெரிகிற இடம். தீ மூள்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வலைத்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைக்காகவும் மென்மைக்காகவும் துணியோடு போடும் ட்ரையர் ஷீட் அந்த வலையில் மெழுகுபோன்ற ஒரு படலத்தைப் படிய வைக்கும். பஞ்சை எடுத்துவிட்டால் வலை பளிச்சென்று இருக்கும், ஆனால் மூச்சு விடாது. குழாயடியில் பிடித்துத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வலைமேல் தேங்கி நின்றால், வெந்நீரும் சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்திப் போடுங்கள். அதற்கு அப்பால் பெட்டிக்குப் பின்னால் போங்கள். பெட்டியையும் சுவரையும் இணைக்கும் குழாய் எதனால் ஆனது? வெள்ளைப் பிளாஸ்டிக்காலோ மெல்லிய அலுமினியத் தாளாலோ ஆன சுருள்குழாய் என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். அதன் மடிப்புகள் ஒவ்வொன்றும் பஞ்சைப் பிடித்து வைக்கும், பெட்டியைச் சுவரோடு தள்ளினால் அது நசுங்கும், பிளாஸ்டிக் என்றால் அதுவே எரியும். வழவழப்பான உட்புறம் கொண்ட உலோகக் குழாய்தான் தேவை.

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு இந்தக் குழாய்க்கு 35 அடி என்று எல்லை வகுத்திருக்கிறது. ஒரு செங்கோண வளைவு வந்தால் அந்த எல்லையிலிருந்து 5 அடியைக் கழிக்கச் சொல்கிறது. ஒரு வளைவுக்கு ஏன் ஐந்தடி? வளைவில் காற்றின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்த இடத்தில் பஞ்சு இறங்குகிறது. குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும் திருகாணி கூடாது என்கிறது, அந்த முனையில் இழை சிக்கும் என்பதால். வெளிவாயில் கம்பிவலை போடக்கூடாது என்கிறது, அதுவே அடைத்துக்கொள்ளும் என்பதால். குருவி கூடு கட்டுகிறதே என்று நல்லெண்ணத்தோடு வலை அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தானாகத் திறந்து மூடும் மடல்தான் அங்கே இருக்க வேண்டியது. குளிர்காலத்தில் அந்த வாயைப் பனி மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். காஸ் ட்ரையர் வைத்திருப்போருக்கு இது இரட்டை ஆபத்து. எரிந்த புகையும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அடுக்குமாடிகளில் குழாய் நீளமாகக் கூரைக்குள் ஓடுவதால் பல கட்டடங்களில் சுவரிலோ கூரையிலோ இரண்டாவது பஞ்சுப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அது இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்காக அங்கு வாழ்வோர் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் அண்ணாந்து பாருங்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் குழாயை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்கிறது. ஐந்தாறு பேர் வாழும் வீட்டில் அது மிகையான அறிவுரை இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் குழாய் யாருடைய பொறுப்பு? பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும் மேலே இருக்கும் வீட்டுக்காரக் குடும்பமும் ஒரே ட்ரையரைப் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடையே ஏராளம். கீழே இருப்பவர் "வீட்டுக்காரர் பார்ப்பார்" என்று இருக்கிறார். மேலே இருப்பவர் "புழங்குகிறவர் பார்க்கட்டும்" என்று இருக்கிறார். இருவருடைய பஞ்சும் ஒரே குழாயில் சேர்கிறது. தீ மூண்டால் அதற்கு மிக அருகில் உறங்குவது யார்? பேஸ்மென்டில் இருக்கும் குடும்பம். ஆகவே வாடகை பேசும்போதே குழாயை யார், எப்போது சுத்தம் செய்வது என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: துணி காயவில்லை என்று குடியிருப்பவர் சொன்னால் அதைக் குறைகூறல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டைக் காப்பாற்றும் செய்தி அது.

அடுத்து ஒரு வலுவான மறுப்பு வரும். "எல்லாப் பழியையும் எங்கள் தலையில் போடுகிறீர்களே, தயாரிப்பாளர்கள் செய்த தவறுக்கு என்ன சொல்கிறீர்கள்?" இதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள். 2015 நவம்பரில் வேர்ல்பூல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹாட்பாயின்ட், இன்டெசிட், கிரீடா முதலிய பெயர்களில் 2004 ஏப்ரலுக்கும் 2015க்கும் இடையில் தயாரித்த ட்ரையர்களில், பஞ்சுத்தூள் சூட்டுக்கம்பியைத் தொட்டுத் தீப்பிடிக்கும் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டது. அந்நாட்டில் அப்படி விற்றவை ஐம்பது இலட்சத்துக்கும் மேல். பதினோரு ஆண்டுகளில் குறைந்தது 750 தீ விபத்துகளோடு இந்தக் குறை தொடர்புபடுத்தப்பட்டது. இயந்திரங்களைத் திரும்பப் பெற்றார்களா? இல்லை. திருத்துநர் வந்து சரிசெய்யும்வரை, பக்கத்தில் ஆள் இருந்தால் பயன்படுத்தலாம் என்றார்கள். 2016 ஆகஸ்ட் 19ஆம் நாள், மேற்கு லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஷெப்பர்ட்ஸ் கோர்ட் என்ற 18 மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், திருத்தத்துக்குக் காத்திருந்த அத்தகைய ட்ரையர் ஒன்று தீப்பற்றியது. தீ வெளிச்சுவர் வழியாக மேல் மாடிகளுக்கு ஏறியது. 120 தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற அறிவுரை என்ன ஆயிற்று? வீட்டில் ஆள் இருந்தார். விழித்திருந்ததால் உயிர் தப்பினார். வீட்டைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. 2017 பிப்ரவரியில்தான் மின்னிணைப்பைத் துண்டித்து வையுங்கள் என்று நிறுவனத்தின் அறிவுரை மாறியது. 2019இல் அரசு தலையிட்ட பிறகுதான், திருத்தப்படாமல் எஞ்சிய இயந்திரங்களைத் திரும்பப் பெறும் வேலை தொடங்கியது.

இதிலிருந்து நான் காண்பது என்ன? நாம் பேசிவந்த அதே பிழைதான், அளவு மட்டும் பெரியது. அறிகுறி நிறுவனத்தின் கையில் இருந்தது, நூற்றுக்கணக்கான தீயாக இருந்தது. அதற்குச் சொன்ன பதில், "தொடர்ந்து ஓட்டுங்கள்." ஒரு குடும்பம் அப்படிச் செய்தால் ஒரு வீடு போகும். ஒரு நிறுவனம் அப்படிச் செய்தால் ஒரு கட்டடமே ஆபத்துக்குள்ளாகிறது. ஆகவே தயாரிப்பாளரைக் கேள்வி கேட்க வேண்டியது நம் உரிமை, கடமையும்கூட. ஆனால் அதைச் சாக்காக வைத்துக் குழாயை மறப்பதற்கு நியாயம் இல்லை; அந்த இயந்திரங்களிலும் எரிந்தது பஞ்சுத்தூளே. உங்கள் ட்ரையரின் மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும் குறித்து நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள், ஹெல்த் கனடாவின் திரும்பப் பெறும் பட்டியலில் தேடுங்கள். பழைய ட்ரையரை இன்னொருவரிடம் வாங்கினீர்களா? அப்படியானால் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள், ஏனென்றால் நிறுவனத்தின் எச்சரிக்கைக் கடிதம் பழைய சொந்தக்காரருக்குத்தான் போகும். புதிது வாங்கினால் கவலை இல்லையா? பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பான யூஎல்லின், 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தரவிதி, பெட்டிக்குள் மூளும் தீ பெட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும் என்று கேட்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த விதி பெட்டியைச் சோதிக்கிறது. உங்கள் சுவருக்குள் பத்து ஆண்டுகளாகப் பஞ்சு சேர்ந்த குழாயைச் சோதிப்பதில்லை.

இனி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீடுகளுக்கு மிக நெருங்கியது. எண்ணெய். நல்லெண்ணெய் தேய்த்து முழுகித் தலை துவட்டிய துவாய், பலகாரம் சுட்ட நாளில் கையும் அடுப்பும் துடைத்த துணி, சுவாமி அறையில் குத்துவிளக்கைத் துடைத்து வைக்கும் துணி, இவை எல்லாம் துவைக்கும் இயந்திரத்துக்குள் போய், அங்கிருந்து ட்ரையருக்குள் போகின்றன. இதில் என்ன ஆபத்து? சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது தாமாகவே சூட்டை வெளியிடுகின்றன. ஆளிவிதை எண்ணெய் இதில் முதலிடம். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், சோள எண்ணெய் ஆகியவற்றுக்கும் இந்த இயல்பு உண்டு. தேங்காய் எண்ணெயில் இது மிகக் குறைவு, அதன் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்றது என்பதால். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ட்ரையரில் நன்றாகச் சூடாக்கி, சுடச்சுடக் குவியலாகக் கூடைக்குள் அமுக்கி வைத்தால் எங்கே போகும்? குவியலின் நடுவில் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். இயந்திரம் நின்று சில மணி நேரம் கழித்து, எல்லோரும் உறங்கிய பிறகு, பொறியும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் துணி பற்றிக்கொள்ளக்கூடும். "துவைத்துத்தானே போடுகிறோம்" என்பீர்கள். குளிர்ந்த நீரில் ஒரு முறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போய்விடாது. தோல் வறட்சிக்குப் பூசும் களிம்புகள் துணியில் ஊறி, துவைத்தாலும் முற்றாகப் போகாமல் எளிதில் தீப்பற்ற வைக்கும் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் எச்சரித்திருக்கிறது. இந்தத் தீக்கு முன் துணி காயத் தாமதமாகாது. இதன் அறிகுறி வாசனை. ட்ரையரிலிருந்து எடுத்த துவாயில் சூடான எண்ணெய் வாசனை வந்தால் அதில் எண்ணெய் மீதி இருக்கிறது என்று பொருள். அத்தகைய துணிகளை வெந்நீரில் நல்ல சவர்க்காரம் போட்டு இருமுறை துவையுங்கள், கொடியிலோ சட்டத்திலோ விரித்துக் காயப்போடுங்கள், ட்ரையரில் போடவே வேண்டாம். மற்றத் துணிகளுக்கும் கடைசியில் வரும் குளிரூட்டும் சுற்றை இடையில் நிறுத்தாதீர்கள். அது மின்சாரத்தை வீணாக்க வைத்த சுற்று இல்லை. எடுத்ததும் உதறி மடித்து வையுங்கள்.

கொடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒன்ராறியோவில் வீட்டு முற்றத்தில் கொடி கட்டக்கூடாது என்று குடியிருப்பு ஒப்பந்தங்கள் விதித்திருந்த தடையை மாகாண அரசு 2008இல் நீக்கியது. கோடை மாதங்களில் அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஜனவரியில்? அமெரிக்கக் கணக்கிலும் ட்ரையர் தீ உச்சத்தைத் தொடுவது ஜனவரியில்தான். ஆகவே குழாயைச் சுத்தம் செய்ய ஏற்ற காலம் இலையுதிர்காலம், குளிர் தொடங்குவதற்கு முன். புதிது வாங்க நினைப்போர் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். குறைந்த சூட்டில் உலர்த்துகிறது, சுவிட்சர்லாந்து 2012 முதல் விற்பனைக்கு அந்த வகையையே ஏற்கிறது. நேரம் கூடுதலாக எடுக்கும், விலையும் கூடுதல், அதற்கும் பஞ்சு நீக்க வேண்டும்.

கடைசியாக, இத்தனைக்குப் பிறகும் தீ மூண்டுவிட்டால் என்ன செய்வது? இரவு படுக்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் ட்ரையரை ஓட விடாதீர்கள் என்று நான் சொல்வது இந்த நேரத்துக்காகத்தான். விழித்திருப்பவருக்கே தப்ப வழி உண்டு. ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். பேஸ்மென்டில் உள்ளது வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள். ட்ரையரிலிருந்து புகை வந்தால் அதன் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் உள்ளே காற்று புகுந்து தீ எழும்பும். துணியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அந்த அறையின் கதவைச் சாத்துங்கள். பிள்ளைகளையும் முதியோரையும் கீழே இருக்கும் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். வெளியே நின்று 911ஐ அழையுங்கள்.